அடித்தது மாங்காயா, குருவியா? பேச்சு இங்கிலீஷ் பழகச் சில குறிப்புகள்

பேரிகைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம். இத்தனையும் புரளும் நாக்குக்கு இங்கிலீஷ் ஒரு பாரமா? ஆனாலும் ஓசூர் கம்பெனியில் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் திணறத்தான் செய்கிறார்கள். இலக்கணத்தில் அல்ல, "ஹேங் ஆன்", "மை பேட்" என்று போகிறபோக்கில் காதில் விழும் பேச்சில். அதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழகலாம்.

1. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு சொலவடையை எடுத்து, தெரிந்த மொழிகளில் எல்லாம் சொல்லிப் பாருங்கள். தமிழில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தெலுங்கில் 'ஒகே தெப்பகு ரெண்டு பிட்டலு', அதாவது ஒரே அடியில் இரண்டு குருவி. கன்னடத்திலும் 'ஹக்கி'தான் விழுகிறது. இங்கிலீஷிலும் 'டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்'. எல்லாரும் குருவியைக் குறிவைக்க, தமிழ் மட்டும் மாந்தோப்புக்குள் புகுந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு வேறு எதை அடிப்பதாம்! அடுத்த சுற்றுக்குக் கல்லில் நார் உரிப்பதை எடுங்கள். இங்கிலீஷ்காரர் கல்லிலிருந்து ரத்தம் எடுக்கப் பார்ப்பார். இந்த ஆட்டத்தில் பள்ளிக்கூடம் போகாத பாட்டியே பெரும்பாலும் ஜெயிப்பார்.

2. தோட்ட வேலையிலும் பாடம் இருக்கிறது. சொகுசான வாழ்க்கைக்கு 'பெட் ஆஃப் ரோஸஸ்' என்று பெயர். பிப்ரவரி 14-க்கு லோடு அனுப்புவதற்காக விடியுமுன்னே பசுமைக்குடிலில் தாஜ்மஹால் ரோஜா வெட்டுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள், முள் கிழித்த கையைக் காட்டுவார். இங்கிலீஷ்காரருக்கும் அது தெரிந்திருக்கும்போல; பெரும்பாலும் 'நாட் எ பெட் ஆஃப் ரோஸஸ்' என்று 'இல்லை' போட்டுத்தான் சொல்கிறார்கள். தக்காளி விலை எகிறினால் 'த்ரூ தி ரூஃப்'. நமக்குத் தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும். அங்கே விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். இங்கிலீஷ் பேப்பரில் சந்தைச் செய்தித் தலைப்பை மட்டும் தினம் ஒன்று படித்தாலே இதெல்லாம் கிடைக்கும்.

3. கிரிக்கெட் பார்க்கிற வீடா? வர்ணனையை இங்கிலீஷில் வையுங்கள். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டு. ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் பந்து தாறுமாறாக எழும்பும். பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம்.

4. கதையோடு சேர்த்துவைத்தால் மறக்காது. 1709-இல் லண்டனில் ஜான் டென்னிஸ் என்பவரின் நாடகம் ஓடாமல் படுத்துவிட்டது. அவர் கண்டுபிடித்த இடிச்சத்த உத்தியை மட்டும் அதே அரங்கத்தார் 'மேக்பெத்'துக்கு எடுத்துக்கொண்டார்கள். என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று மனிதர் கத்தினாராம். அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்கினால் 'ஸ்டீலிங் தண்டர்' என்பது அப்படி வந்ததுதான். நாம் நாள் முழுக்கச் சொல்லும் 'ஓகே'கூட 1839-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று 'ஆல் கரெக்ட்'டை வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டிச் சுருக்கிய கேலி.

5. வாரம் ஒரு வினை போதும். 'புட்' எடுத்தால், கரண்ட் பில் கட்டுவதைத் தள்ளிப்போடுவது 'புட் ஆஃப்'. பக்கத்துத் தெரு மைக்செட்டைப் பொறுத்துக்கொள்வது 'புட் அப் வித்'. ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

6. 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' கைடு புத்தகத்திலேயே இருக்கட்டும். இன்று பேச்சில் அது அரிது. மழை கொட்டினால் 'இட்ஸ் போரிங் டவுன்' என்பார்கள். போரடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடையை மறந்துவிடாதீர்கள்.

7. லீவ் லெட்டரிலும் இண்டர்வியூவிலும் இவற்றைக் கொட்ட வேண்டாம். முக்கியமாக 'கிக்ட் தி பக்கெட்'. அது 'மண்டையைப் போட்டார்' என்பதற்குச் சமம். மேனேஜரின் அப்பா இறந்த செய்திக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடும்போது 'பாஸ்ட் அவே'தான் சரி.