காட்சியும் கவிதையும்

ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் நம்மில் பலரும் சொல்லும் மறுமொழி ஒன்றே: "எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" மலையும் அருவியும் கடலும் கண்டவர்க்கே கற்பனை ஊறும் என்பது நம் எண்ணம். ஆனால், புகழ்பெற்ற படைப்பாளர் பலர் தம் வாசலில் இருந்தவற்றையே பாடினர், படம் பிடித்தனர். அவர்களுக்கு உதவியது அரிய காட்சியன்று, பொறுமையான பார்வையே.

இருவர் காட்டும் வழி

ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் (1844–1889) இயேசு சபைக் குரு, ஆங்கிலக் கவிஞர். மேகங்கள் கலையும் விதத்தையும் இலைகள் கிளையில் அமைந்திருக்கும் முறையையும் அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1877-இல் அவர் இயற்றிய சிறு கவிதை ஒன்று பசுவின் உடலிலுள்ள திட்டுகளையும் மீனின் புள்ளிகளையும் சிட்டுகளின் சிறகுகளையும் சொல்லி இறைவனைப் புகழ்கிறது. அவர் கவிதைகள் நூலாக வெளிவந்தது அவர் மறைந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1918-இல்தான்.

மற்றவர் நம் நாட்டவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர். 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைக் கட்டுரைகள் எழுதி வந்தார். காட்டு யானையைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர், ஊருக்குள் திரியும் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதுவதற்கும் தயங்கவில்லை.

முதல், கரு, உரி

இவ்வழி தமிழருக்குப் புதிதன்று. அகப்பாடலுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுத்தது தொல்காப்பியம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்து மரம், மலர், பறவை, விலங்கு முதலியன. உரிப்பொருள் என்பது மாந்தர் உள்ளத்து உணர்வு.

படம் எடுப்பவருக்கும் இது நல்ல பாடமாகும். எங்கே, எந்த வேளையில் என்பது முதல். எதனை என்பது கரு. இவ்விரண்டையும் கருவி பதிவு செய்துவிடும். உரியை மட்டும் நாமே தரவேண்டும். படம் நின்றுவிடும் அந்த இடத்தில்தான் கவிதை தொடங்குகிறது எனலாம்.

செய்து பார்ப்போம்

முதலில் பொழுதைத் தேர்வோம். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வெயில் சாய்ந்து விழும், நிழல் நீளும், மரப்பட்டையின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வெள்ளை மலர்கள் வெளுத்துப்போய் இதழ்களின் அமைப்பு மறைந்துவிடும். இலைக்குப் பின்னால் கதிரவன் இருக்குமாறு நின்று நோக்கினால் அதன் நரம்புகள் கோலம் போல விளங்கும்.

அடுத்து, அளவு. படச்சுருள் இருந்த காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தாம் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காசு செலவாகும். ஆகவே பார்த்துப் பார்த்து எடுத்தனர். இன்று கைப்பேசியில் ஒரே நொடியில் பத்துப் படம் எடுத்துவிட்டு, எதனையும் பாராமல் நகர்ந்துவிடுகிறோம். எனவே நமக்கு நாமே ஒரு விதி வகுத்துக்கொள்வோம்: ஒரு செடி, பத்து நிமிடம், மூன்றே படம். கைப்பேசி இல்லாதவர் வருந்த வேண்டாம். அட்டையொன்றின் நடுவே சிறு சாளரம் வெட்டி அதன் வழியே நோக்கினால் போதும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அட்டையே கற்றுக்கொடுக்கும்.

பிறகு, கண்டதைக் கண்டபடி எழுதுவோம். "அழகிய மலரே, ஆண்டவன் கொடையே" என்று தொடங்கினால் அஃது எந்த மலருக்கும் பொருந்தும். ஆதலால் எந்த மலரையும் காட்டாது. குழாயடியில் முளைத்த தும்பையைப் பத்து நிமிடம் பார்த்தபின் இப்படி எழுதலாம்:

குழாயடிச் சுவரின் வெடிப்பில்
கைப்பிடி மண்கூட இல்லை.
தேனீ வரும்வரை
வெள்ளைப் பூவோடு காத்திருக்கிறது தும்பை,
ஞாயிறு மாலை விடுதி வாசலில்
அம்மாவுக்காக நிற்கும் என்னைப்போல.

முதல் நான்கு அடிகளில் உள்ளவற்றுள் பெரும்பகுதியைப் படமும் காட்டிவிடும். கடைசி இரண்டு அடிகளை எந்தக் கருவியும் எடுத்துத் தராது.

பெயர் மறவாமை

விளையாட்டு விழா அறிக்கையில் "வாகை சூடினர்" என்று ஆண்டுதோறும் எழுதுகிறோம். வாகைப் பூவைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? மெல்லிய இழைகள் விசிறியாய் விரிந்த, இளம்பச்சை கலந்த வெண்ணிறப் பூ அது; நறுமணமும் உண்டு. அதன் உலர்ந்த காய்கள் காற்றில் சலசலக்கும். தும்பையும் அப்படியே. இன்று களையென்று பிடுங்கி எறியும் அச்செடியின் பூவைச் சூடித்தான் பண்டை வீரர் நேருக்கு நேர் போரிட்டனர். அவ்வொழுக்கத்திற்கே தும்பைத் திணை என்று பெயர்.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களாகக் கபிலர் அடுக்கிச் சொல்லும் பெயர்கள் 99. நம் பள்ளி வளாகத்தில் பூப்பவற்றுள் பத்தின் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? பெயர் தெரியாத செடி நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததை வெட்டி எறியும்போது நெஞ்சம் வருந்துவதுமில்லை. நாம் இழப்பது ஒரு செடியை மட்டுமன்று, அதனோடு சேர்ந்த சொல்லையும் பாட்டையுந்தான்.

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் மக்களுக்குச் சுட்டிக்காட்டியவை வானத்துப் பறவைகளும் வயல்வெளி மலர்களுமே. அவை அம்மக்கள் நாள்தோறும் கண்டு, கருதாமல் கடந்து சென்றவை அன்றோ! தோழியரே, இவ்வாரம் ஆளுக்கொரு செடியைத் தேர்ந்துகொள்வோம். அதன் பெயரைத் தோட்டக்காரரிடமோ வீட்டிலுள்ள பாட்டியிடமோ கேட்டறிவோம். முதலில் பார்ப்போம், பிறகு படம் பிடிப்போம், அதன்பின் எழுதுவோம். அடுத்த ஆண்டு மலருக்கு எழுத என்ன இருக்கிறது என்று அப்போது கேட்கமாட்டோம்.