ஐந்தொகையைப் படிப்போம்: கூலி கொடுக்கக் கையில் பணம் உண்டா?

சங்கம் இலாபத்தில் நடப்பதாக ஆண்டறிக்கை கூறுகிறது. நெசவாளருக்கோ கூலி பாக்கி நிற்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். இலாபம் வேறு, கையிலுள்ள பணம் வேறு. இவ்வேறுபாட்டை ஐந்தொகையில் கண்டறியும் வழியை இம்மாதம் பயில்வோம்.

ரொக்கம், வங்கியிருப்பு, வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு ஆகியவை ஓராண்டுக்குள் பணமாகத்தக்க நடப்பு ஆஸ்திகள். ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய வங்கிக் கடன், நூல் பாக்கி, கூலி பாக்கி முதலியன நடப்புப் பொறுப்புகள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது நடப்பு விகிதம். இது 2 இருத்தல் நலம் என்பது நெடுநாளைய வழக்கு.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம்:

ரொக்கமும் வங்கியிருப்பும்: ரூ. 40,000
வரவேண்டிய பாக்கி: ரூ. 1,10,000
சரக்கிருப்பு: ரூ. 4,50,000
நடப்பு ஆஸ்திகள்: ரூ. 6,00,000
நடப்புப் பொறுப்புகள்: ரூ. 3,00,000

நடப்பு விகிதம் 2. குறையேதும் தோன்றவில்லை. ஆனால் சரக்கை நீக்கினால் எஞ்சுவது ரூ. 1,50,000. இதைக் கொண்டு காணும் விரைவு விகிதம் 0.5 மட்டுமே. இது 1 இருத்தல் வேண்டும் என்பர். அதாவது, ஒரு ரூபாய்க் கடனுக்கு அரை ரூபாயே கைக்கெட்டும் நிலையில் உள்ளது.

சரக்கை நீக்குவது ஏன்? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போர் இதனை நன்கறிவர். அந்துப்பூச்சி துளைத்து வெளிவருமுன் பச்சைக்கூட்டை விற்றாக வேண்டும். ஆதலின் அது சில நாட்களிலேயே பணமாகிறது. நெய்த சேலையோ தீபாவளி, பொங்கல் விற்பனையை நோக்கி அலமாரியில் காத்திருக்கிறது. மடிப்புக் கறை படிந்த பழஞ்சரக்காயின், ஏட்டில் உள்ள விலைக்கு விற்பதும் அரிது.

வரவேண்டிய பாக்கியையும் அப்படியே நம்பிவிடலாகாது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குக் காய் கொடுத்த விவசாயிக்கு, பணம் கைக்கு வரும்வரை அது வெறும் ஏட்டுக் கணக்கே. சங்கம் வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, அரசிடமிருந்து பெறவேண்டிய தள்ளுபடித் தொகையும் அத்தகையதே. நம் உதாரணத்தில் ரூ. 80,000 ஓராண்டுக்கு மேற்பட்ட பாக்கியாயின், அதையும் நீக்க, விகிதம் 0.23 ஆகக் குறைகிறது.

மார்ச் 31 என்பது ஒரு நாள் நிலைமையே. ஆகவே மூன்றாண்டு விகிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுக. பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். விரைவு விகிதம் எவ்வளவு? ஓராண்டுக்கு மேற்பட்ட சரக்கு எவ்வளவு? ஓராண்டுக்கு மேற்பட்ட பாக்கி எவ்வளவு?

இவற்றைக் கேட்பது நிர்வாகக் குழுவைக் குறை கூறுவதாகாது. சங்கம் நம்முடையது, அதன் கணக்கை அறிதல் நம் கடமையாகும்.