குதிரையேறிப் போகாதவர்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் நோட்டைப் படித்து முடித்துவிட்டேன். பார்த்த படம், படித்த புத்தகம் ஒவ்வொன்றுக்கும் மனசில் பட்டதை அப்படியே எழுதியிருக்கிறாய். ‘ஷேன்’ முடிகிற இடத்தில் அழுதிருக்கிறாய். ‘தி சர்ச்சர்ஸ்’ பார்த்துவிட்டு ஜான் வெய்னை ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறாய். வில்லா கேத்தரின் ‘மை ஆன்டோனியா’ நாவலை, இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒதுக்கியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், கோவில்பட்டிக் கரிசலில் ஒரு வெஸ்டர்ன் எடுத்தால் ஜனங்கள் சிரிப்பார்களா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறாய்.

தொப்பியும் குதிரையும் கொண்டுவந்து வைத்தால் சிரிப்பார்கள். அதுவும் கேலியாக இல்லை, பழகிய சந்தோஷத்தில். இயக்குநர் கர்ணன் 1972-இல் எடுத்த ‘கங்கா’வில் ஜெய்சங்கரைப் பார்த்துக் கைதட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் 2010-இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்துச் சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அவற்றில் வந்த வெஸ்டர்ன் நாயகர்கள் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளோடு தமிழில்தான் பேசினார்கள். அந்த டெக்ஸ் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். இயக்குநர் செர்ஜியோ லியோனியும் இத்தாலிக்காரர். ஸ்பெயின் நாட்டுப் பொட்டலில் நின்றுகொண்டு அமெரிக்காவைப் படம் பிடித்தார். அவருடைய ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) குரோசாவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து (1961) வந்தது. எல்லாரும் இரவல் வாங்கியவர்கள்தான். நீயும் வாங்கலாம். எதை வாங்குவது, எதை விடுவது என்பதை மட்டும் பேசுவோம்.

அந்த அமெரிக்காவுக்கும் நம் மண்ணுக்கும் கொடுக்கல் வாங்கல் நீ நினைப்பதைவிடப் பழசு. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ (1966) படத்தின் பின்னணியில் நடக்கிறதே, அந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அங்கிருந்து பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் திண்டாடியபோது இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இந்தக் கரிசல் வழியாகத்தான் ரயில் ஓடத் தொடங்கியது. இன்றைக்குக் கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். டெக்சாஸ் பொட்டலில் நீ படத்தில் பார்த்த மெஸ்கீட் முள்ளுக்குப் பங்காளி. ஆகவே செட் போடும் செலவு உனக்கு மிச்சம்.

வெஸ்டர்னின் கரு துப்பாக்கியில் இல்லை. சட்டம் வந்து சேராத இடத்தில் நிலத்தையும் தண்ணீரையும் பங்கு வைப்பது யார் என்ற கேள்வியில் இருக்கிறது. லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) இசைக்காகப் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். மறுபடி பார். ரயில் வந்தால் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, தண்ணீர் உள்ள துண்டு நிலத்தை ஒருவன் முன்கூட்டியே வாங்கிப் போடுகிறான். அதனாலேயே பிள்ளைகளோடு கொல்லப்படுகிறான். மடை திறக்கிற தகராறில் அரிவாள் எடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோ. தர்மனின் ‘சூல்’ ஒரு கண்மாயின் கதை. லியோனி படத்தையும் ‘சூல்’ நாவலையும் அடுத்தடுத்துப் பார்த்தும் படித்தும் முடி.

‘ஷேன்’ (1953) வயோமிங்கில் மாட்டுக்காரப் பெரும்புள்ளிக்கும் வெள்ளாமை செய்ய வந்த குடும்பங்களுக்கும் நடக்கிற சண்டை. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கிடை’யில் ஆடுகள் பருத்திக்குள் இறங்கி மேய்ந்துவிடுகின்றன. மேய்ச்சலுக்கும் வெள்ளாமைக்கும் உள்ள அதே பகைதான். ஆனால் கி.ரா. அடிதடிக்குப் போகவில்லை. ஊர் கூடி விசாரிக்கிறது. விசாரணை போகிற போக்கில், ஆடு மேய்க்கிற ஒரு பெண் வசதியான வீட்டுப் பையனை நம்பிய விஷயம் மேலே வருகிறது. பருத்திக்கு நியாயம் பேசிய ஊர் அவளுக்குப் பேசவில்லை. அம்ஷன் குமார் இதை 2003-இல் ‘ஒருத்தி’ என்று படமாக எடுத்தார். உன் கரிசல் வெஸ்டர்னுக்கு அண்ணன் அதுதான்.

இனி உன் அழுகைக்கு வருகிறேன். ஷேன் கடைசியில் குதிரையேறிப் போய்விடுகிறான். ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தில் ஜான் வெய்னின் ஈத்தன் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ படத்தின் ஹார்மோனிகாக்காரனும் போய்விடுகிறான். கொலை செய்தவன், அந்தப் பாவத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிவிடுகிறான். ஊர் சுத்தமாகிவிடுகிறது. உனக்கும் அழுதுவிட்டு எழுந்து போக முடிகிறது.

கரிசலில் அப்படிப் போக முடியாது. கொன்றவனுக்கு இங்கே அண்ணன் தம்பி இருக்கிறான், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அக்கா இருக்கிறாள், விதைப்புக்கு வாங்கிய கடன் இருக்கிறது. செத்தவனும் போக மாட்டான். அநியாயமாக வெட்டுப்பட்டவனைக் கல்லாக நட்டுக் கொடை கொடுத்து, கொன்ற வம்சத்தாரே பயந்து கும்பிடுகிற கோயில்கள் தென்மாவட்டங்களில் எத்தனை இருக்கின்றன! வெஸ்டர்னிடமிருந்து நிலத்தைப் பார்க்கும் கண்ணை வாங்கிக்கொள், பொறுமையை வாங்கிக்கொள். அந்தக் கடைசிக் குதிரையை மட்டும் வாங்காதே. இங்கே கதை, இருந்து கழிக்க வேண்டியவர்களுடையது.

பூமணி இதை 1982-லேயே செய்து காட்டிவிட்டார். ‘வெக்கை’யில் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுவது நாவலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வேறு ஒருவர் எழுதியிருந்தால் அதுதான் கடைசி அத்தியாயம். பூமணிக்கு அதற்குப் பிறகுதான் கதை. அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். முடிவில் அவர்கள் அடிவானத்தைப் பார்த்துப் போகவில்லை, சரணடையக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். வெற்றிமாறன் ‘அசுரன்’ (2019) எடுத்தபோது சண்டைகளைப் பெரிதாக்கினார், பஞ்சமி நிலத்தின் கதையையும் உள்ளே கொண்டுவந்தார். எனக்கு நாவலின் சமையல் பக்கங்கள்தான் இன்னும் பயமாக இருக்கின்றன.

பஞ்சமி நிலம் என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் 1862-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது: ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கு. அந்த நிலம் யாரிடமிருந்து பிடுங்கியது என்பதைப் பழைய வெஸ்டர்ன்கள் அதிகம் பேசவில்லை. நம் பக்கம் 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று நிலம் ஒதுக்கியது. வேறு ஆட்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அது கை மாறிப் போனது. அங்கே பறித்த நிலம் கொடையானது, இங்கே கொடுத்த நிலம் பறிபோனது. ஒரு திரைக்கதைக்கு இது போதும்.

ஜான் வெய்ன் மேல் உனக்கு வந்த கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் படத்தை எடுத்த ஜான் ஃபோர்டு ஈத்தனின் இனவெறுப்பை ஒளிக்காமல், வில்லனிடம் தள்ளிவிடாமல், நாயகனின் முகத்திலேயே வைத்தார் என்பதையும் பார். சாதித் திமிர் பிடித்த ஒருவனை நீ எழுதும்போது அந்தத் துணிச்சல் வேண்டும். மீசை முறுக்கும் பண்ணையாராக்கிவிட்டால் பார்க்கிறவன் தப்பித்துக்கொள்வான். பேரப்பிள்ளையிடம் பிரியமாக இருக்கிற, மழைக் கணக்கு தெரிந்த, எல்லாருக்கும் பிடித்த ஒருவனிடம் அதை வை.

யாரும் இல்லாத நிலம் என்று எந்தக் கதை சொன்னாலும், ஃபிரேமுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேள். ‘கோபல்ல கிராமம்’ (1976) நம்முடைய குடியேற்றக் காவியம். தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டைத் தீயிட்டு அழித்து ஊர் உண்டாக்குகிறார்கள், கொலைகாரனுக்குத் தாங்களே தீர்ப்புச் சொல்கிறார்கள், பிறகுதான் கும்பினி ஆட்சி எட்டிப் பார்க்கிறது. அதை ரசித்துப் படி. அப்புறம் பூமணியின் ‘பிறகு’ (1979), தர்மனின் ‘கூகை’ (2005) இரண்டையும் படி. அதே மண், அதே வெயில். நிலம் கைக்கு வராதவர்களின் பக்கத்திலிருந்து. மூன்றும் சேர்ந்தால்தான் உனக்கு முழு வரைபடம் கிடைக்கும்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்கிற காட்சி வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாய். வேண்டாம். அந்தக் காட்சிக்கு இரண்டு பேரும் ஒரே தெருவில் சமமாக நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்ன தெருக்களில் ஒருவன் நேருக்கு நேர் நின்றான் என்றாலே பாதிச் சண்டை முடிந்துவிட்டது. நீ படமாக்க வேண்டியது அந்த நிற்றலை. துப்பாக்கி அதற்குத் தேவையில்லை.

‘மை ஆன்டோனியா’வை (1918) மறுபடி எடு. ஒன்றும் நடக்கவில்லை என்கிறாய். நெப்ராஸ்காவுக்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே அவள் அப்பா தற்கொலை செய்துகொள்கிறார். அந்தப் பெண் ஆம்பளை மாதிரி ஏர் பிடிக்கிறாள், ஏமாற்றப்படுகிறாள், திரும்பி வருகிறாள், வரிசையாகப் பிள்ளைகள் பெற்றுத் தோட்டம் போடுகிறாள். கதை சொல்கிற ஜிம்மோ படித்து, ரயில் கம்பெனி வக்கீலாகி, எப்போதாவது வந்து பார்க்கிறவன். சென்னையில் சினிமா படிக்கிற நீ ஆன்டோனியா இல்லை தாயி, ஜிம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். விட்டுப் போனவள் கண்ணுக்கு ஊர் எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.

வேலைக்கு உதவுகிற சில விஷயங்கள். பங்குனி, சித்திரையில் வெடித்துக் கிடக்கிற நிலத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். நீ ஐப்பசி மழையில் எடு. நனைந்த கரிசல் காலைப் பிடித்து இழுக்கும். துரத்துகிறவனும் ஓடுகிறவனும் சேர்ந்தே திணறுவார்கள். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளை ஃபிரேமிலிருந்து ஒதுக்காதே, இன்றைய நிலத் தரகும் அங்கேதான் நடக்கிறது. வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பம் என்றால் அப்படியே பேச விடு. இசையைக் குறை. காய்ந்த பருத்திமார் மேல் நடந்தால் வருகிற சத்தத்தை முதலில் பதிவு செய்.

திரைக்கதையை முதலிலிருந்து எனக்கு அனுப்ப வேண்டாம். கொலை முடிந்த மறுநாள் காலையிலிருந்து பத்துப் பக்கம் எழுதி அனுப்பு. யார் முதலில் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போனார்கள், யார் போகவில்லை, ஆடுகளை யார் பத்திக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்தப் பத்துப் பக்கம் நின்றால் முந்தின நாளை எழுதுவது லேசு.

அன்புடன்,
அண்ணாச்சி