காரில் ஒட்டிய பூச்சிக் கறை: தேய்க்காதீங்க, ஊற வையுங்க

மழை விட்ட சாயங்காலம் திருவள்ளூர் தாண்டி, திருத்தணி நோக்கி கார் ஓட்டியிருக்கீங்களா? ஹெட்லைட் வெளிச்சத்துக்கு ஈசலும் வயல் பூச்சிகளும் கூட்டமாக வந்து மோதும். மலைக்கோயிலில் வண்டியை நிறுத்தும்போது பம்பர், பானெட், கண்ணாடி எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். அப்படியே நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கும் போய், வீடு திரும்பிய பிறகு கழுவிக்கலாம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இடையில் அடிக்கும் வெயில்தான் பிரச்சினை.

பூச்சியின் உடல் திரவத்தில் புரதமும் அமிலத்தன்மை உள்ள பொருட்களும் உண்டு. சூடான பானெட்டில் அது பசை மாதிரி இறுகிவிடும். பெயின்ட்டின் மேல் இருக்கும் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற படலம் பொதுவாக ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கறை அதை அரித்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் தழும்பு போகாது. பாலிஷ், அதற்கும் மேலே போனால் மறுபெயின்ட். செலவு உங்களுக்குத்தான்.

பெயின்ட்டைவிட அவசரமானது முன் கண்ணாடி. அடிபட்ட ஈசல் மேல் தண்ணீர் இல்லாமல் வைப்பரை ஓட்டினால் அதன் கொழுப்பு கண்ணாடி முழுக்க இழுபடும். எதிரே லாரி வெளிச்சம் விழும்போது ரோடே தெரியாது. முதலில் வாஷர் தண்ணீரை அடியுங்கள். அப்படியும் தெளியவில்லையா, பெட்ரோல் பங்க் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் துடையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டியை நகர்த்த முடியாத நிலை வந்தால் 1033-க்கு அழைக்கலாம். இந்த எண்ணை இப்போதே செல்போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டுக்கு வருவோம். வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறட்டும். மைக்ரோஃபைபர் துணியை நன்றாக நனைத்து கறை மேல் போட்டு, பத்து நிமிடம் விடுங்கள். துணி காயக்கூடாது. பிறகு கார் ஷாம்பு கலந்த தண்ணீரால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைத்தெடுங்கள். போகாவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்புத்தூளும் கிட்டவே வரக்கூடாது. பெட்ரோல், தின்னர் போட்டால் பிளாஸ்டிக் ஹெட்லைட் மங்கிவிடும், விரிசலும் விடலாம். கிரில் பக்கம் பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று சரவணப் பொய்கையிலோ வழியில் உள்ள ஏரியிலோ வண்டி கழுவாதீங்க. ஷாம்பும் எண்ணெயும் நீரில்தான் கலக்கும். ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு துணியும் டிக்கியில் இருந்தால் வழியில் சமாளிக்க அது போதும். புது வண்டிக்குப் பூஜை போட்டிருந்தால் மஞ்சள், குங்குமத்தையும் அன்றே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை சுலபத்தில் போகாது.

கடைசியாக, செல்போன் டார்ச்சைப் பானெட் மீது சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மிச்சம் அந்த வெளிச்சத்தில் மேடாகத் தெரியும். நம்பர் பிளேட்டையும் அப்படியே ஒருமுறை துடைத்துவிடுங்கள்.