தொட்ட பொருளைக் கண் அறியுமா?

மாணவர்களே, கொம்தார் பேருந்து நிலையத்தில் கட்டணத்துக்காகச் சட்டைப்பையைத் துழாவுகிறீர்கள். 20 சென் எது, 50 சென் எது என்று பார்க்காமலே விரல் அறிந்துவிடுகிறது. வெளியே எடுத்தால் கண்ணும் அதையே சொல்கிறது. இந்த இணைப்பு பிறவியிலேயே வந்ததா, பழகி வந்ததா?

1688இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மொலினோ இதைத்தான் கேட்டார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனச்சதுரத்தையும் தொட்டு அறிந்திருக்கிறார். அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல் பார்த்தே எது எதுவெனச் சொல்வாரா?

விடை இந்தியாவில் கிடைத்தது. மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த 8 முதல் 17 வயது வரையிலான ஐவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் விளையாட்டுக் கட்டைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். தொட்ட கட்டையை மீண்டும் தொட்டும், பார்த்த கட்டையை மீண்டும் பார்த்தும் சரியாகச் சொன்னார்கள். தொட்டதைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னபோதோ, விடை வெறும் ஊகம்போலவே இருந்தது. பின்னர் மீண்டும் சோதிக்கப்பட்டவர்களிடம் இத்திறன் விரைவாக வளர்ந்திருந்தது. இம்முடிவு 2011இல் வெளியானது.

ஆகவே கண் ஒளியை வாங்குகிறது. பொருளை அறிவது மூளை. மூளை பார்வையை நன்கு பழகும் பருவம் குழந்தைப் பருவமே. உங்கள் வீட்டுக் குழந்தையின் கருவிழி நடுவே வெண்மை தெரிந்தால், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்க வேண்டாம். உடனே கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.