சின்ன கார், சின்னக் குழந்தை: கன்வெர்டிபிள் கார் சீட் வாங்கும் முன் போட வேண்டிய 5 கணக்குகள்



குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் நாம போடுற பட்ஜெட்ல ஆஸ்பத்திரி செலவு இருக்கும், தடுப்பூசி இருக்கும், டயபர் இருக்கும், தொட்டில் கூட இருக்கும். கார் சீட் மட்டும் இருக்காது. "அது வெளிநாட்டுக்காரங்க சமாச்சாரம், நம்ம வீட்ல மடியில வெச்சுக்க நாலு பேர் இருக்காங்க"ன்னு விட்டுடுவோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் ஆர்வக்கோளாறுல ஆன்லைன் ஆஃபர்ல ஒண்ணு வாங்கி, பணத்தையும் விட்டேன். அந்தக் கதையைச் சொல்லி, நீங்க அதே தப்பைப் பண்ணாம இருக்க என்னென்ன கணக்கு போடணும்னு இந்தப் பாடத்துல பார்ப்போம்.

முதல்ல ஒரு விளக்கம். கன்வெர்டிபிள் சீட் என்பது இரண்டு திசையிலும் பொருத்தக்கூடிய சீட். குழந்தை சின்னதா இருக்கும்போது காரின் பின்பக்கத்தைப் பார்த்த மாதிரி வைப்போம். வளர்ந்ததும் அதே சீட்டை முன்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்போம். ஒரே சீட் பல வருஷம் வரும் என்பதுதான் இதன் கவர்ச்சி.

கணக்கு 1: மடி ஏன் போதாது?

எங்க அம்மா கேட்ட கேள்வி இது: "என் மடியை விடப் பத்திரமான இடம் எதுடா?" பாசத்துல கேட்ட கேள்விக்கு இயற்பியல்ல பதில் சொல்ல வேண்டியதாச்சு.

கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்துல போகுது. எதிலோ மோதி 0.1 விநாடியில நின்னுடுதுன்னு வைங்க. அந்த நேரத்துல 10 கிலோ குழந்தை, பிடிச்சிருக்கிறவங்க கைக்கு ஏறக்குறைய 140 கிலோ மாதிரி இழுக்கும். எந்தத் தாயாலும், எந்தத் தாத்தாவாலும் பிடிக்க முடியாது. பெல்ட் போடாம மடியில வெச்சிருந்தா, பெரியவங்க உடம்பே குழந்தை மேல போய் அழுத்தும். 50 கி.மீ. வேகத்துல மோதுறது, கிட்டத்தட்ட மூணு மாடி உயரத்துல இருந்து விழுறதுக்குச் சமம். இதைச் சொன்னதும் அம்மா அமைதியாயிட்டாங்க.

சட்டமும் இருக்கு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனா நான் அபராதத்துக்குப் பயந்து வாங்கச் சொல்லலை. அந்த 140 கிலோதான் காரணம்.

கணக்கு 2: உங்க கார்ல என்ன இருக்கு?

என் முதல் தப்பு இங்கேதான். மனைவிக்கு ஏழாவது மாசம். ஒரு பெரிய ஆஃபர் வந்துச்சு. 360 டிகிரி சுழலும் சீட், பார்க்கவே அட்டகாசமா இருந்தது. உடனே ஆர்டர் போட்டு, பெட்டியைப் பிரிக்காம பரண் மேல வெச்சுட்டேன். குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வர முந்தின நாள் பிரிச்சா, அது ஐசோஃபிக்ஸ்ல மட்டுமே மாட்டக்கூடிய சீட். என் கார் பேஸ் வேரியன்ட். அதுல ஐசோஃபிக்ஸ் கிடையாது. திருப்பி அனுப்புற கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. கடைசியில உறவுக்காரர் ஒருத்தருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

ஐசோஃபிக்ஸ் என்பது காரின் உடம்போடு பற்றவைத்த இரண்டு இரும்புக் கம்பிகள். பின் சீட்டில் முதுகுப் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்குல விரலை விட்டா தட்டுப்படும். குழந்தை சீட்டின் கொக்கி அதுல நேரா 'க்ளிக்'னு மாட்டிக்கும். இதோட பின் சீட்டுக்குப் பின்னால 'டாப் டெதர்' என்ற மூன்றாவது பட்டியை மாட்டும் இடமும் இருக்கணும். முன்பக்கம் பார்க்கும் சீட் மேலே இருந்து கவிழாமல் தடுப்பது அதுதான். சில சீட்ல டெதருக்குப் பதிலா தரையில ஊன்றும் கால் இருக்கும். எதுன்னு சீட் மேனுவல் பார்த்து முடிவு பண்ணுங்க.

கம்பி இல்லைன்னா கவலை வேண்டாம். மூணு புள்ளி சீட் பெல்ட்டால் கட்டக்கூடிய கன்வெர்டிபிள் சீட்டும் பாதுகாப்பானதுதான், சரியா கட்டினா. ஆனா இரண்டு விஷயம் பாருங்க:

• பின் சீட்டின் நடு இடத்தில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தா, மூணு புள்ளி பெல்ட் கேட்கும் சீட்டை அங்கே வைக்க முடியாது. ஓர சீட்தான்.
• பின்பக்கம் பார்த்து வைக்கும்போது பெல்ட் சீட்டைச் சுத்திப் போகணும், நீளம் நிறைய வேணும். சின்ன கார்ல பெல்ட் எட்டாமப் போறது சகஜம். வாங்கும் முன் ஒருமுறை கட்டிப் பார்த்தே ஆகணும்.

ஒரே மாடல் காரா இருந்தாலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் வசதி மாறும். அதனால நண்பரோட கார்ல இருக்குன்னு நம்பாதீங்க. உங்க கார் மேனுவலைத் திறந்து பாருங்க.

கணக்கு 3: டேப் எடுத்து அளக்க வேண்டிய அளவு

சின்ன கார்ல பெரிய சண்டை இடத்துக்குத்தான். பின்பக்கம் பார்க்கும் சீட் சாய்ந்த நிலையில இருக்கும். அதனால முன் சீட்டை முன்னால தள்ள வேண்டி வரும். பல வீட்ல என்ன நடக்குது தெரியுமா? முன்னால உட்காருறவங்க முட்டி டாஷ்போர்டில இடிக்குது. ரெண்டு மாசம் பொறுத்துப் பார்த்துட்டு, "சரி, குழந்தையை முன்பக்கம் திருப்பிடலாம்"னு சீக்கிரமே திருப்பிடுறாங்க. இடப் பிரச்சினை இப்படித்தான் பாதுகாப்புப் பிரச்சினையா மாறுது.

கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டா தலை ரொம்பப் பெரிசு, கழுத்து ரொம்ப மெலிசு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தா, நேருக்கு நேர் மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூணையும் சீட்டின் முதுகே தாங்கிக்கும். முன்பக்கம் பார்த்தா உடம்பைப் பட்டி பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னால பாயும். அதனாலதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, சீட் அனுமதிக்கும் எடை அல்லது உயர வரம்பு வரும்வரை பின்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்லுது. கால் மடங்கியிருக்கேன்னு பாவப்படாதீங்க. குழந்தைகள் சம்மணம் போட்டு ஜாலியா இருப்பாங்க.

அளக்குறது எப்படி? வண்டி ஓட்டுறவர் தன் சீட்டை வழக்கமான நிலையில வைக்கட்டும். பக்கத்து சீட்டை, அதுல வழக்கமா உட்காருறவங்க முட்டி டாஷ்போர்டில இடிக்காத அளவுக்கு மட்டும் முன்னால தள்ளுங்க. இப்போ அந்த சீட்டின் முதுகிலிருந்து பின் சீட்டின் முதுகு வரை எத்தனை சென்டிமீட்டர்னு எழுதிக்கோங்க. இதுதான் உங்க பட்ஜெட். கடைக்குப் போகும்போது விலை பட்ஜெட்டோட இந்த பட்ஜெட்டும் கையில இருக்கணும்.

ஒண்ணு மறக்கவே கூடாது: ஏர்பேக் இயங்கும் முன் சீட்ல பின்பக்கம் பார்க்கும் சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும்போது அது நேரா சீட்டின் முதுகில, அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அடிக்கும்.

கணக்கு 4: லேபிளும் எடையும்

இந்தியாவுல குழந்தை சீட்டுக்கான தரம் ஏஐஎஸ் 072. கடைகளில் ஐரோப்பியத் தரமான ஆர்44/04 அல்லது புதிய ஆர்129 லேபிளும் பார்க்கலாம். வட்டத்துக்குள்ள 'இ' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும் ஆரஞ்சு ஸ்டிக்கரைத் தேடுங்க. விளம்பரத்தில் எழுதியிருந்தா போதாது, சீட் மேலேயே ஒட்டியிருக்கணும்.

ஆர்44 எடையை வைத்துப் பிரிக்குது: 0+ பிரிவு 13 கிலோ வரை, 1-ம் பிரிவு 9 முதல் 18 கிலோ வரை. "9 கிலோ ஆச்சு, திருப்பலாம்"னு இதைத் தப்பா படிக்கிறவங்க உண்டு. 9 என்பது அனுமதி, கட்டாயம் இல்லை. ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்குது. குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம்தான் பார்க்கணும்னு சொல்லுது. பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் உண்டு.

இரண்டு சலுகைகள் வரும், உஷார்.

ஒண்ணு, அமெரிக்காவுல இருந்து அண்ணன் கொண்டு வரும் சீட். அது வேற தரத்துக்குச் செய்தது. அங்குள்ள கார்களில் சீட் பெல்ட் முழுசா இழுத்தா பூட்டிக்கிற மாதிரி இருக்கும். நம்ம ஊர் கார்களில் பெரும்பாலும் அப்படி இருக்காது. அதனால பெல்ட்டைப் பூட்டும் தனி அமைப்பு அந்த சீட்டில் இருக்கான்னு பார்க்காம வாங்கிக்காதீங்க.

ரெண்டு, செகண்ட்ஹேண்ட் சீட். அது ஏற்கெனவே விபத்தில் சிக்கியதான்னு வெளிப்பார்வைக்குத் தெரியாது. சீட்டுக்குக் காலாவதியும் உண்டு. தயாரிப்புத் தேதியும் மேனுவலும் முழு வரலாறும் தெரிஞ்ச சொந்தக்காரர் சீட்டுன்னா பரவாயில்லை. முகம் தெரியாதவரிடம் வேண்டாம்.

கணக்கு 5: மாசத்துக்கு எவ்வளவு?

நம்ம சேனல் வழக்கப்படி விலையை மாதக் கணக்கா மாற்றுவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

வழி அ: முதல்ல கைக்குழந்தை கேரியர் 7,000, அப்புறம் முன்பக்கம் பார்க்கும் சீட் 9,000. மொத்தம் 16,000. 48 மாதத்துக்குப் பிரிச்சா மாதம் 333 ரூபாய்.

வழி ஆ: ஒரே கன்வெர்டிபிள் சீட் 14,400. அதே 48 மாதத்துக்கு மாதம் 300 ரூபாய்.

வித்தியாசம் மாதம் 33 ரூபாய்தான். அப்போ முடிவைத் தீர்மானிக்கிறது விலை இல்லை, கார்ல சரியா உட்காருதா என்பதுதான். இன்னொரு கணக்கும் பாருங்க. குழந்தை வேகமா வளர்ந்து 36 மாதத்திலேயே சீட்டின் வரம்பைத் தாண்டிட்டா, கன்வெர்டிபிள் மாதம் 400 ஆயிடும். அதனால எடை வரம்போட தோள்பட்டியின் அதிகபட்ச உயரத்தையும் பாருங்க. இடம் இல்லாம கஷ்டப்பட்டு நாலே தடவை பயன்படுத்திட்டு பரண்ல போட்டா? ஒரு பயணத்துக்கு 3,600 ரூபாய்! உலகத்திலேயே காஸ்ட்லியான சீட், பயன்படுத்தாத சீட்தான்.

பணத்துக்கு ஈஎம்ஐ வேண்டாம். 'நோ காஸ்ட்' ஈஎம்ஐயிலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி வரும், பிராசசிங் கட்டணமும் வரலாம். அஞ்சாவது மாசத்துல இருந்து மாதம் 3,000 தனியா எடுத்து வைங்க. பிரசவத்துக்குள்ள 15,000 சேர்ந்திருக்கும்.

வாங்கிட்டீங்க. இனிதான் முக்கியமான பாடம்

என் இரண்டாவது சீட் பெல்ட்டால் கட்டுறது. பாப்பாவுக்கு ஏழு மாசம். தாம்பரத்துல இருந்து விழுப்புரம் போற வழியில, மதுராந்தகம் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்துச்சு. பிரேக் அடிச்சேன். மோதல் எதுவும் இல்லை. ஆனா பின்னால சீட் அப்படியே ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்தது. பாப்பா அழக்கூட இல்லை, முழிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்குத்தான் கை நடுங்கிச்சு. ஓரமா நிறுத்தி மேனுவலைப் பிரிச்சேன். பின்பக்கம் பார்க்கும் சீட்டுக்குப் பெல்ட் நீலக் குறி வழியா போகணும். நான் முன்பக்கத்துக்கான சிவப்புக் குறி வழியா விட்டிருந்தேன். வெறும் பிரேக்குக்கே இப்படின்னா, மோதலா இருந்தா?

அதுல இருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால இந்த நாலையும் செக் பண்றேன்:

1. பெல்ட் போகும் இடத்துல சீட்டைப் பிடிச்சு ஆட்டுங்க. ஒரு அங்குலத்துக்கு மேல நகரக்கூடாது.
2. பின்பக்கம் பார்த்தா தோள்பட்டி தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, முன்பக்கம் பார்த்தா தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கணும்.
3. தோள்பட்டியை ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க. மடிப்பு பிடிபட்டா இன்னும் இறுக்கணும்.
4. வெயில்ல நின்ன காரா? பக்கிளைத் தொட்டுப் பார்த்துட்டு மாட்டுங்க. நம்ம ஊர் வெயில்ல இரும்பு சுட்டுடும். நிறுத்தும்போது மேலே ஒரு துண்டைப் போட்டு வைங்க.

இந்த வார ஹோம்வொர்க்: கார் சாவியோட ஒரு இஞ்ச் டேப்பும் எடுத்துட்டுக் கீழே போங்க. இடுக்குல கம்பி இருக்கா, டாப் டெதர் இருக்கா, பெல்ட் எவ்வளவு நீளம், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்? இந்த நாலையும் போன்ல எழுதி வெச்சுக்கோங்க. பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் எந்த ஆஃபர் வந்தாலும், அந்தக் குறிப்பைப் பார்த்துட்டு மட்டும் 'பை நவ்' அமுக்குங்க. அந்தப் பத்து நிமிஷத்தை நான் செலவு பண்ணியிருந்தா, முதல் சீட்டோட பாதி விலை இன்னைக்கு பாப்பா பேர்ல எஸ்ஐபியா ஓடிட்டு இருக்கும்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!