திரையில் வரலாறு: சில ஆராய்ச்சிக் குறிப்புகள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்குச் செல்வோர், கல்லைக் கயிறாகவும் கம்பியாகவும் இழைத்த கொடுங்கைகளைக் கண்டு வியந்து நிற்பர். குதிரை வாங்கப் பாண்டியன் அளித்த பொருளைக் கொண்டு மாணிக்கவாசகர் எழுப்பிய கோயில் இது என்பது மரபு. அவர் காலம் 9ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. வீரபத்திரரும் குறவன் குறத்தியும் நிற்கும் தூண்களின் சிற்பநெறியோ நாயக்கர் காலத்தது. இடையே ஏறத்தாழ 700 ஆண்டுகள் உள்ளன. காண்போர் உள்ளத்தில் அவ்விடைவெளி மறைந்து, யாவும் ஒருவர் கைப்பணியாகவே பதிந்துவிடுகிறது. திரைப்படம் வரலாற்றைக் கையாளும் முறையும் ஏறக்குறைய இதுவே.

1939இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'மாணிக்கவாசகர்' படத்தை வெளியிட்டனர். டி. ஆர். சுந்தரம் இயக்கினார், எம். எம். தண்டபாணி தேசிகர் மணிவாசகராகத் தோன்றினார். நரி பரியான கதைக்கு மூலம் புராணமேயன்றிக் கல்வெட்டன்று. ஆகவே அப்படத்தைக் கொண்டு பாண்டியர் ஆட்சியை அறிய முற்படுதல் பயனற்றது. இசைவாணர்கள் திரைக்கு ஈர்க்கப்பட்ட 1930களின் சுவையையும் பக்தியையும் அறியவோ அது நல்ல சான்று. பிரெஞ்சு அறிஞர் மார்க் ஃபெர்ரோ 1977இல் வெளியிட்ட நூலில் திரைப்படத்தையே வரலாற்று ஆவணமாக ஆராய்ந்தார். பழங்காலத்தைக் காட்டும் படம், தான் எடுக்கப்பட்ட காலத்தையே மிகுதியும் காட்டும் என்பது இத்துறையினர் வற்புறுத்துவது. தமிழ்த் திரையைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொண்டு தியடோர் பாஸ்கரன் 1981இல் எழுதிய நூல் நம்மவர் அறிய வேண்டியது.

இனி நமக்கு நெருங்கியதொரு சான்று. 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1953இல் ஔவையாராக நடித்து மக்கள் உள்ளத்தில் அழியா இடம் பெற்றவர் அவர். அவரது குரலின் பெருமையை யாரே மறுப்பர்? ஆயினும் நடிகர் தம் பழைய வேடத்தையும் உடன்கொண்டே புதிய வேடத்துள் நுழைகிறார். இளங்கோவடிகள் படைத்த கவுந்தியோ அருக நெறியில் நின்ற துறவி. வழியிலுள்ள சிற்றுயிர்கள் மிதிபட்டு மடியாதவாறு நடக்க வேண்டுமென்று கோவலனுக்கும் கண்ணகிக்கும் உணர்த்துகிறார். மதுரைப் புறத்தே கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் தருகிறார். கோவலன் இறந்தது கேட்டபின் உண்ணாநோன்பில் உயிர் நீக்கிறார். இச்செயல்களை நீக்கினால் எஞ்சுபவர் பொதுவானதொரு மூதாட்டியே. நம் இல்லத்துப் பிள்ளைகள் படத்தை மீண்டும் காண நேர்ந்தால், காப்பியத்தை அருகில் வைத்து, இவற்றுள் எவை நின்றன, எவை மறைந்தன என்று அவர்களே குறித்துப் பார்க்கலாம். பெரியோர் முன்கூட்டி விடை சொல்லாதிருப்பது நலம்.

சேர்த்தல் ஒரு வகைப் பிழை; விடுத்தல் மற்றொரு வகை. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களும் குந்தவையை வீடுதோறும் அறிமுகப்படுத்தின. அவற்றுக்கு மூலம் கல்கியின் புதினம். புதினத்திலோ கற்பனை மிகுதி. அக்குந்தவையின் பெயரால் போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயம் விளங்குகிறது. தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் அவர் கோயில் எடுத்தமையைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. மூன்று சமயங்களையும் ஒருங்கே போற்றிய அரசமகளைத் திரையிற் கண்டோர் மிகச் சிலரே.

இதனினும் கடினமானது மதுரைக் கழுவேற்றக் கதை. 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதனை விரித்துரைத்த பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டினது. நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாறாக ஏற்கவில்லை. எனினும் மீனாட்சியம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளத்தருகே சுவரோவியமாக அது தீட்டப்பட்டது. திரைப்படம் தோன்றுமுன்னரே ஓவியம் அதன் வேலையைச் செய்தது எனலாம்: கண்ணாற் கண்டதை மனம் 'நடந்தது' என்றே கொள்கிறது. எண்ணாயிரம் என்ற தொகையை வினவுவாரும் அரியர். இங்கே சினம் கொள்வதைவிட, இன்ன நூலில் இன்ன காலத்தில் எழுதப்பட்டது என்று ஆண்டுகளை வரிசையாக எடுத்துரைப்பதே பிள்ளைகளுக்கு உதவும்.

தொலைக்காட்சியில் இதற்கு நேர்மையானதொரு முன்மாதிரி உண்டு. 1990இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய திப்பு சுல்தான் தொடர், புதினமொன்றைத் தழுவியது. வழக்கிற்கும் எதிர்ப்பிற்கும் பின்னர், இது கற்பனை என்னும் அறிவிப்புடன் காட்டப்பட்டது. ஒரு வரி அறிவிப்பு பல மணிநேரக் காட்சியை வெல்லுமா என்பது வேறு வினா. சியாம் பெனகல் 1988இல் அளித்த 'பாரத் ஏக் கோஜ்' தொடரோ நேருவின் நூலைத் தழுவியது என்பதை மறைக்கவில்லை. நேருவாகத் தோன்றும் நடிகரே இடையிடையே வந்து பேசுவார். இன்னார் பார்வை இது என்று காண்போர் மறவாதிருக்க அவ்வுத்தி உதவிற்று. நயம் என்று நம் ஆகமங்கள் கூறுவதும் ஒரு கோணத்து நோக்கினையே அன்றோ?

ஆவுடையார்கோவில் செல்லும் அன்பர்கள் அதே மாவட்டத்துச் சித்தன்னவாசலையும் கண்டு வருக. ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளும் தமிழ்-பிராமி எழுத்தும் அங்குள்ளன. விராலிமலையை அடுத்த கொடும்பாளூரும் இம்மாவட்டத்ததே. கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தபோது, வழி மூன்றாகப் பிரிவதாகச் சிலம்பு குறிக்கும் கொடும்பை அவ்வூரே என்பர்.